தூக்குவாளியின் மூடி

எங்கள் அரிசி ஆலைக்குப் புதிதாக வந்த பையன் கேட்ட ஒரு கேள்வி என்னை இன்னும் விடவில்லை. பாலிடெக்னிக் முடித்தவன், நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சார்ட்டர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவன். சேர்ந்து பத்து நாள் இருக்கும். சாயங்காலம் ஆறு மணி, பகல் ஷிப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் ஜன்னலைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். ஒவ்வொருவராக ஒரு தலையசைப்போடு போனார்கள். அவித்தல் பகுதியில் வேலை செய்கிறவர் மட்டும் ஜன்னலருகே நின்றார். தூக்குவாளியின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்தார். மூடினார். போய்விட்டார். பையன் என்னிடம் கேட்டான்: “அண்ணே, அவர் மட்டும் எதற்காகத் தூக்கைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்? இங்கே அப்படி ஏதாவது சட்டமா?”

அப்படி எந்தச் சட்டமும் இல்லை. யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை. நான்கு வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலைகள் அந்த மூடி என் கண்ணெதிரே திறந்து மூடியிருக்கிறது. பதிலுக்கு நான் தலையாட்டியிருக்கிறேன். அந்தத் தலையாட்டல்தான் இப்போது உறுத்துகிறது. பார்த்துவிட்டேன், சரி, போ என்று அதற்கு அர்த்தம். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் வழக்கு எண்ணையும் கூடவே எழுதியது போலாகிவிடும். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்கள் பக்கத்து ஊர்கள் இன்னும் பழகவில்லை.

வந்த விதம்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியில் இருக்கிறது ஆலை. தாத்தா காலத்தில் களமும் நெல் குத்தும் ஹல்லரும், அப்பா காலத்தில் பாய்லர், என் காலத்தில் கடன். (நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காத்து நின்ற நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு ஆலை கட்டியிருக்கலாம்.) அவருடைய மனைவி அப்பா காலத்திலிருந்தே எங்களிடம் களம் கூட்டுகிறவர். கணவர் உள்ளே இருந்த வருடங்களிலும் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை.

2012 முதல் 2019 வரை மேட்டூர் அணை, பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12இல், ஒரு வருடம்கூடத் திறக்கப்படவில்லை. டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தண்ணீர் வருகிற வருடத்தில் மாமன் மச்சானாக இருப்பவர்கள் வராத வருடத்தில் மடையைக் காவல் காப்பார்கள். அப்படியொரு வருடத்தில், கடைமடையில், இரவில், வாய்க்காலை யார் அடைத்தது என்று பேச்சு முற்றி மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கொலை வழக்காகத் தொடங்கியது, கடைசியில் இந்திய தண்டனைச் சட்டம் 304, இரண்டாம் பகுதியில் (கொல்லும் எண்ணமில்லாமல் சாவுக்குக் காரணமானது) வந்து நின்றது. ஏழு வருடம், திருச்சி மத்தியச் சிறை. தண்டனைக் கழிவெல்லாம் போக 2020இல் வெளியே வந்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு அணை குறித்த நாளில் திறந்ததும் அந்த வருடம்தான்.

செத்தவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவருடைய தம்பி எங்கள் ஆலைக்கு நெல் போட்டுக்கொண்டிருந்தவர். இவரை நான் வேலையில் சேர்த்த பிறகு ஒரு வார்த்தை பேசாமல் வேறு ஆலைக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். இதை நல்லவன் கெட்டவன் கதையாக யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் மூன்று இடங்களில் கேட்டிருக்கிறார். ஒன்று பெட்ரோல் பங்க். திருச்சியில் சிறைத்துறையே ஒரு பங்க் நடத்துகிறது. நன்னடத்தையுள்ள சிறைவாசிகள்தாம் அங்கே வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டு, பணம் வாங்கி, சில்லறை எண்ணித் தருகிறார்கள். கார்க்காரர்களும் பயப்படாமல் போட்டுக்கொண்டு போகிறார்கள். இவரும் அங்கே சில மாதங்கள் நின்றவர். தண்டனை முடிந்து வந்து, அதே வேலையை ஊர்ப்பக்கம் ஒரு பங்கில் கேட்டபோது, எங்கே பழகியது என்று கேட்டார்கள். சொன்னார். அத்தோடு முடிந்தது. அடுத்தது வாட்ச்மேன் வேலை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் வருடச் சட்டம், காவலுக்கு எடுக்கும் ஆளின் நடத்தையையும் முன்வரலாற்றையும் சரிபார்க்கச் சொல்கிறது. அவர்கள் விண்ணப்பத்தையே கையில் கொடுக்கவில்லை. மூன்றாவது இடத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு காலையில் அவர் மனைவி துடைப்பத்தோடு ஆபீஸ் வாசலில் நின்று, “அவர் வந்துவிட்டார் அய்யா, ஏதாவது ஒரு வேலை” என்றார். சித்தப்பா வேண்டாம் என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னேன். அன்றைக்கே டீக்கடைக்குச் செய்தி போய்விட்டது. பெரிய மனசு என்றார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. நான்கு வருடம் அதைப் போர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

ஒருமுறை குத்திப் பார்த்த மூட்டை

நெல் வியாபாரத்தில் சந்தேகம் ஒரு கருவி. குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் நாலு மணி கொட்டி, ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்க்காமல் நான் எதையும் இறக்கியதில்லை. மேலே மணியும் நடுவில் கருக்காயுமாகக் கட்டிய மூட்டைகளை நிறையப் பார்த்தாயிற்று. அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கிற ஆலைக்கு 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்று கணக்கு. ஒரு கிலோ குறைந்தால் என் கையிலிருந்து போகும். ஆகவே ஆள் எடுக்கும்போது விசாரிப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். பணப்பெட்டியை நம்பி ஒப்படைக்கிறவன் நாலு பேரிடம் கேட்கத்தான் செய்வான். ஆனால் குத்திப் பார்த்து, விலை பேசி, இறக்கிவிட்ட மூட்டையை யாரும் தினமும் சாயங்காலம் குத்துவதில்லை. குத்தினால் சாக்குதான் கிழியும்.

விசாரணைதான் இப்போது ஆன்லைனில் வந்துவிட்டது. எங்கள் தெருப் பையன் ஒருவன் கதை இது. வீட்டுக்குத் தளம் போட வெண்ணாற்றில் மாட்டுவண்டியில் மணல் ஏற்றும்போது பிடிபட்டான். மணலை ஆற்றிலிருந்து எடுத்தால் திருட்டு, அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 379. வக்கீலிடம் இருந்த குமாஸ்தா, “ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு தம்பி, ஒரே நாளில் முடிந்துவிடும்” என்றார். முடிந்தும் விட்டது. அவன் அதை மறந்தே போனான். இரண்டு வருடம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் காவல்துறை சரிபார்ப்புச் சான்று கேட்டபோதுதான், தான் ‘தண்டிக்கப்பட்டவன்’ என்பதே அவனுக்குத் தெரிந்தது. வண்டி மாட்டுக்கு வைக்கோல் வாங்கும் காசைவிடச் சற்று அதிகமான அபராதம், அவ்வளவுதான். கம்பெனி வேலை போயிற்று.

அவனுக்காக அலைந்தபோது நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958 என்று ஒன்று இருக்கிறது. முதல் முறையாகத் திருட்டு வழக்கில் குற்றம் உறுதியாகிறவரை, ஆளையும் சூழ்நிலையையும் பார்த்து, அபராதமோ சிறையோ விதிக்காமல் கண்டித்து மட்டும் அனுப்பிவிட அதன் மூன்றாவது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அப்படி அனுப்பப்பட்டவருக்குத் தண்டனை பெற்றதால் வருகிற தகுதியிழப்பு எதுவும் சேராது என்கிறது பன்னிரண்டாவது பிரிவு. மணல் வண்டிக்காரப் பையன் ஒரு மனு போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று அவனிடம் சொல்ல அந்தக் கோர்ட் வராந்தாவில் ஆள் இல்லை. சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் நம் பிள்ளைகள் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள், அந்த ஒரு வரி பிறகு அவர்களைவிட வேகமாக ஊர் ஊராகப் போகிறது. பதினெட்டு வயதுக்குள் நடந்ததென்றால் 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் தாராளம். கொடுங்குற்றம் செய்த பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் சிலரைத் தவிர மற்றவர்களுடைய பதிவேட்டையே உரிய காலத்தில் அழிக்கச் சொல்கிறது.

அரசு வேலைக்கான படிவத்தில் வழக்கை மறைத்தவர்கள் பற்றி 2016இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. உண்மையை எழுத வேண்டும், ஆனால் மறைத்தது சின்ன வழக்கு என்றால், வேலையின் தன்மையையும் பார்த்து அதிகாரி மன்னிக்கலாம் என்று போகிறது அது. இன்னொரு பக்கம், நம் மாநிலத்துக் காவலர் தேர்வு விதியில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்று விளக்கம் இருக்கிறது. விடுதலை என்று தீர்ப்பு வந்த பிறகும் படிவம் விடுவதில்லை. தனியார் முதலாளிக்கோ இந்தச் சிக்கல்கூட இல்லை. என்னை யாரும் எதுவும் கேட்கமுடியாது, நான் கொடுத்ததுதான் நியாயம்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. பிறந்த சாதியையே குற்றப் பதிவாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்து, 1947 வரை இருந்தது. கைரேகைச் சட்டம் என்று தாத்தா சொல்வார். பட்டியலில் இருந்த ஆண்கள் போலீஸ் சொன்ன நேரத்தில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். தன்னைத் தானே தினம் ஒருமுறை திறந்து காட்டுவது என்பது இந்த மண்ணில் அப்போதே நடந்திருக்கிறது.

பாய்லர் பக்கம்

பையன் கேட்டதற்கு மறுநாள் மதியம் பாய்லர் பக்கம் போனேன். ஊறல் தொட்டியைத் திறந்துவிட்டிருந்தார்கள். வெந்நீரில் ஊறிய நெல்லின் அந்தப் புளித்த வாசனை பழகாதவர்களுக்குக் குமட்டும், எங்களுக்குப் பசிக்கும். அவர் உமி தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்று சொல்ல வேண்டும். ஆலையில் என்னைவிட மூத்தவர்களை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அப்பா பழக்கிவிட்டது. இவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். இவரை மட்டும் முதல் நாளிலிருந்து பெயர் சொல்லி, நீ என்று கூப்பிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு வாய் திறக்கும்வரை அது எனக்கு உறைக்கவே இல்லை.

“இனிமேல் சாயங்காலம் தூக்கைத் திறந்து காட்ட வேண்டாம்” என்றேன்.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். “இருக்கட்டும் முதலாளி. என்றைக்காவது ஒரு நாள் ஏதாவது காணாமல் போகும். இவ்வளவு பேர் வந்து போகிற இடம், போகாமல் இருக்காது. அன்றைக்கு எல்லோரும் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். தினமும் காட்டுகிறவனிடம் அன்றைக்கு மட்டும் காட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள் இல்லையா?”

“உன்மேல் திருட்டு வழக்கே கிடையாதே” என்றேன். என்ன அபத்தமான ஆறுதல் அது.

சிரித்தார். “அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியும்.”

எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. உடனே, அங்கேயே. நாளையிலிருந்து பேங்குக்குப் பணம் கட்டிவிட்டு வருகிற வேலையை நீயே பார்த்துக்கொள் என்றேன். சினிமாவில் இந்த இடத்தில் கண் கலங்கும். அவர் முகம் சுருங்கியது. “அது வேண்டாம் முதலாளி” என்றார். பேங்குக்குப் போகிற வழியில் நூறு ரூபாய் குறைந்தாலும் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்கிறார், நான் யோசிக்கவில்லை. என் நம்பிக்கையை ஊருக்குக் காட்ட அவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றப் பார்த்தேன். கொஞ்ச நேரம் உமியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “கொடுப்பதாக இருந்தால் சம்பளத்தில் கொடுங்கள்.”

அன்றிரவு சம்பளப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2020இல் அவித்தல் பகுதியில் நாள் கூலி 500. இவருக்கு 450, பழகும்வரை என்று என் கையெழுத்திலேயே குறிப்பு. மற்றவர்கள் இப்போது 650 வாங்குகிறார்கள். இவர் 500. பழகும்வரை என்றால் எதுவரை? ஆறே மாதத்தில் அவியல் பதம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கஞ்சி ஏறாமல், மணி வெடிக்காமல் நீராவியை நிறுத்துகிற கை எங்களிடம் இரண்டு பேருக்குத்தான் உண்டு, அதில் ஒருவர் அவர். நான்கு வருடத்து வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தேன். அந்தத் தொகையை இங்கே எழுதவில்லை, வெட்கமாக இருக்கிறது. பக்கம் பக்கமாக அவர் பெயருக்கு நேரே ஊதா நிறத்தில் கைநாட்டு மட்டும் வரிசையாக இருந்தது.

வேண்டுமென்று குறைத்தேனா? இல்லை. அதுதான் மோசம். மற்றவர்கள் கேட்டார்கள், ஏற்றினேன். இவர் கேட்கவில்லை, ஏற்றவில்லை. ஆலைத் தொழிலில் சம்பள உயர்வு எப்படி வருகிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒருவர் தீபாவளிக்கு முன்பணம் வாங்குவார். பொங்கல் கழித்து வராமல் இருப்பார். வேறு ஆலையில் கூப்பிடுகிறார்கள் என்று செய்தி வரும். நாம் ஆள் அனுப்புவோம், ஐம்பது ரூபாய் ஏறும். போய்விடுவேன் என்ற மிரட்டல்தான் தொழிலாளியின் கையில் இருக்கும் ஒரே சீட்டு. இவருக்குப் போக இடமில்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட முன்பணம் கேட்காத ஆள் என்று அவரைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் பெரிய மனசுக்கான செலவை அவர்தான் நாள்தோறும் கட்டிவந்திருக்கிறார்.

நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. அதே மாதம் கும்பகோணம் பக்கத்திலிருந்து தெரிந்த ஆலைக்காரர் ஒருவர் போன் செய்தார். நெல் விலை பேசிவிட்டு, கடைசியில், “உன்னிடம் இருக்கிறாரே, அது மாதிரி உள்ளே போய் வந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் சொல்லேன். சம்பளமே பேசமாட்டார்களாமே” என்றார். நல்ல மனுஷர், கோயில் திருப்பணிக்கு முன்னால் நிற்கிறவர். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்த பிறகு கை வியர்த்திருந்தது நினைவிருக்கிறது.

சம்பளத்தை 650 ஆக்கினேன். பாக்கியை மூன்று தவணையாகக் கொடுத்தேன். சித்தப்பா, “பாக்கி என்று ஏன் சொல்கிறாய், போனஸ் என்று சொல்லிக் கொடு” என்றார். பாக்கி என்றே எழுதினேன், அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. அண்ணே என்று கூப்பிட முயன்றேன். முதல் தடவை இருவருக்குமே கூச்சமாகிவிட்டது. இப்போது பெயரும் சொல்லாமல் அண்ணேயும் சொல்லாமல் ‘இங்கே பாருங்கள்’ என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தை மாதம், அறுவடை நெல் வந்து குவிந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் ஆபீசுக்குள் வந்தார். வழக்கமாக ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பார். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் கட்ட வேண்டியிருக்கிறது, இருபதாயிரம் முன்பணம் வேண்டும் என்றார். பெட்டியைத் திறப்பதற்கு முன் எனக்கு ஒரு கணம் தயக்கம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். வாங்கிக்கொண்டு வேறு ஆலைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று மற்ற எல்லோரையும் பற்றி வருகிற அதே தயக்கம்தான் அது. நோட்டை இரண்டு தடவை எண்ணினேன். முன்பணப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதி, பழக்கத்தில் மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் அதைத் தொடவில்லை. என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். எடுத்துக் கொடுத்தேன். குனிந்து, எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும் முதலெழுத்தோடு எழுதினார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “உள்ளேதான். சிறைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் படித்தேன்” என்றார். அப்படியானால் நான்கு வருடமாக ஏன் கைநாட்டு என்றேன். “முதல் நாள் நீங்கள் மைப்பெட்டியைத்தானே நீட்டினீர்கள்” என்றார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலருகே வந்தார். சட்டைப் பையில் பணம் புடைத்துக்கொண்டிருந்தது. தூக்குவாளியைத் திறந்து சாய்த்துக் காட்டினார். அடியில் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.